கடலுக்குப் போற வழிக்கு சாட்சி எங்க இருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 ஜனவரில 13 புது நகராட்சி, 25 புது பேரூராட்சின்னு அறிவிப்பு வந்ததுல இருந்து கிராம ஊராட்சிகளை டவுனோட சேர்க்குறது பத்தி நிறைய செய்தி படிக்கிறேன், சில ஊர்ல ஜனங்க வேணாம்னு மறியல் பண்ணதும் படிச்சேன். சேரலாமா வேணாமான்னு பேச்சு நடக்குற இந்த நேரத்துல ஏற்கனவே சேர்ந்து முடிஞ்சுபோன எங்க ஊர்க் கதையையும் நாலு பேர் தெரிஞ்சுக்கட்டும்னுதான் இத எழுதுறேன்.

நான் இருக்குறது சென்னைக்குத் தெக்க ஈசிஆர் ஓரத்துல. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி, இந்தப் பேரெல்லாம் சொன்னா இன்னிக்கு இருக்க பசங்களுக்கு பங்களாவும் ஹோட்டலும்தான் ஞாபகம் வரும். ஆனா 2011 வரைக்கும் இது அஞ்சும் தனித்தனி கிராம ஊராட்சிங்க, பரங்கிமலை ஒன்றியத்துல இருந்துச்சு. கிழக்கால கடல், மேக்கால பக்கிங்காம் காவா, நடுவுல நீள வாக்குல மணல். அந்த மணல்ல சவுக்குத் தோப்பு, பனை, தாழம்புதரு, கடலோரம் குப்பம், உள்ள தள்ளி ஊரு, அவ்ளோதான் எங்க பக்கம். காவால படகு ஓடுன காலத்துல சவுக்கு விறகும் உப்பும் மெட்ராசுக்கு அதுலதான் போகும்னு எங்க தாத்தா சொல்லுவாரு. 1966ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோட இருந்த கலைஞர்களும் ஈஞ்சம்பாக்கத்துல நிலம் வாங்கி சோழமண்டலம் கலைஞர் கிராமத்த ஆரம்பிச்சப்போ சுத்தி வெறும் தோப்பும் மணலுந்தான்.

ஒரே வீட்டுல இருந்துக்கிட்டே நாங்க மூணு மாவட்டம் பார்த்துட்டோம். எங்க அப்பா வீட்டு வரி கட்டுன பழைய ரசீதுல செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை வட்டம்னு இருக்கு. 1997ல மாவட்டத்தப் பிரிச்சதும் காஞ்சிபுரம் ஆச்சு, தாலுகாவும் மாறுச்சு, 2018ல சென்னை மாவட்டத்தப் பெருசு பண்ணப்போ சென்னைக்கு வந்துட்டோம். நடுவுல 2011ல பஞ்சாயத்தே போயிடுச்சு. அந்த வருஷம் 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 கிராம ஊராட்சி, மொத்தம் 42 உள்ளாட்சிகளை சென்னை மாநகராட்சியோட சேர்த்தாங்க, 176 சதுர கிலோமீட்டரா இருந்த மாநகராட்சி 426 ஆச்சு, 155 வார்டு 200 ஆச்சு. இந்த நம்பரெல்லாம் அப்போ எல்லா பேப்பர்லயும் வந்துச்சு, ஆனா அந்த 25 கிராமத்தோட பஞ்சாயத்து ஆபீஸ் பீரோல இருந்த நோட்டுப் புக்கெல்லாம் எங்க போச்சுன்னு யாரும் எழுதல.

நான் பேச வந்தது அந்த நோட்டுப் பத்திதான்.

எங்க தெருவுல இருந்து கடலுக்குப் போக ஒரு வழி இருக்கு, ரெண்டு ஆளு கூடையோட எதிரெதிரா வந்தா ஒருத்தர் ஒதுங்கி நிக்கணும், அவ்ளோ அகலம்தான். குப்பத்துப் பொம்பளைங்க மீன் தூக்கிட்டு வந்த வழி அது, சாவு விழுந்தாலும் கருமாதிக்கு அது வழியாத்தான் கடலுக்குப் போவோம். பல வருஷம் முன்னாடி தோப்புக்காரங்க வாய்வார்த்தையா விட்ட வழிங்கறதால தாலுகா ஆபீஸ்ல நிலக் கணக்கு எழுதி வச்சிருக்க அ-பதிவேட்டுல அது கிடையாது, நிலத்த அளந்து போட்ட புல வரைபடத்துலயும் கோடு கிடையாது. ஆனா பஞ்சாயத்து அதுக்கு கிராவல் கொட்டுச்சு, நடுவுல ஒரு கம்பம் நட்டு ட்யூப் லைட் போட்டுச்சு. அதுக்கு கிராம சபைல தீர்மானம் போட்டப்போ நான் அங்க இருந்தேன். ஒரு ஆகஸ்ட் 15, கொடியேத்தி முட்டாய் குடுத்துட்டு பூவரச மரத்தடில உக்காந்து கிளர்க் எழுதுறாரு, பெரிய நீட்டு நோட்டு, அட்டை ஓரத்துல செவப்புத் துணி ஒட்டிருக்கும். ஆம்பளைங்க பாதிப் பேரு கையெழுத்து, எங்க பாட்டி, பெரியம்மா எல்லாம் ஊதா இங்க்ல கைநாட்டு. பாட்டி விரல்ல இருந்த மை ரெண்டு நாளு போகல, அதோடயே சோறு பிசைஞ்சாங்க.

இப்ப அந்த வழி ரெண்டு பக்கமும் பெரிய காம்பவுண்டு சுவர் வந்துடுச்சு, ஒரு பக்கத்து சுவர் கொஞ்சம் கொஞ்சமா உள்ள நகர்ந்து வந்துட்டு இருக்கு. இது பொதுவழின்னு மனு எழுதி ஒரு ஆபீசுக்குப் போனேன், ஆதாரம் கேட்டாங்க, கிராம சபைத் தீர்மானம் இருக்குன்னு சொன்னேன். 2011க்கு முன்னாடி உள்ளது எதுவும் எங்ககிட்ட இல்ல, ஒன்றியத்துல கேளுங்கன்னாங்க. அங்க போனா ஊரையே மாநகராட்சிகிட்ட குடுத்தாச்சு, அங்கதான் இருக்கும்னாங்க. நாலஞ்சு தடவை நடந்தேன். ஆதாரம் இருந்துச்சுங்க ஐயா, எங்க பாட்டி கைநாட்டு வச்ச ஆதாரம், இப்ப அத காட்ட முடியல, எனக்கு அதுதான் வயிறு எரியுது.

கடலோர ஊருக்கு இது ரொம்ப முக்கியம். உள்நாட்டு கிராமத்துல வயலுக்கும் மேய்ச்சலுக்கும் சர்வே நம்பர் இருக்கும். எங்களுக்கு வலை காய வைக்கிற மணலு, கட்டுமரத்த ஏத்தி வைக்கிற மேடு, கரைவலை இழுக்குற இடம் எல்லாம் பழக்கத்துல வந்த பாத்தியதை. 1991ல கடலோரத்துல எத கட்டலாம் எத கட்டக்கூடாதுன்னு சொல்ற கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு வந்துச்சு, அப்புறம் 2011லயும் 2019லயும் மாத்துனாங்க, எது வந்தாலும் இந்த இடத்த மீனவருங்க ரொம்ப நாளா புழங்குறாங்கன்னு காட்ட ஒரு காகிதம் வேணும்ல. அந்தக் காகிதம் பஞ்சாயத்து நோட்டுலதான் இருந்துச்சு. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்னிக்கு எங்க கிளர்க் வீட்டு வரி ரிஜிஸ்டர கக்கத்துல இடுக்கிட்டு நின்னு எந்த வீட்டுல எத்தன பேருன்னு ஒவ்வொரு பேரா கூப்பிட்டு சரிபார்த்தாரு, நிவாரண லிஸ்டும் அப்புறம் அந்த ரிஜிஸ்டர வச்சுத்தான் போட்டாங்க.

மணலுக்கும் ஒரு கணக்கு இருந்துச்சு. எங்க மண்ணு தண்ணிய உடனே குடிச்சிடும், எவ்ளோ மழை பேஞ்சாலும் அடுத்த நாள் காலைல தெரு காஞ்சிருக்கும், கேணில நல்ல தண்ணி நிக்கும். அந்த நல்ல தண்ணிதான் கடல் தண்ணிய உள்ள வராம தள்ளிப் புடிச்சிக்கிட்டு இருக்கு. அப்படி இருக்க இடத்துல கோவளம் வடிநிலத் திட்டம்னு கான்க்ரீட் மழைநீர் வடிகால் போட வந்தாங்க, ஜனங்க எதிர்த்து, சுற்றுச்சூழல் வழக்கு விசாரிக்கிற பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போக வேண்டியதாச்சு. கிராம சபை இருந்திருந்தா மரத்தடிலயே எழுந்து நின்னு கேட்டிருப்போம்.

நான் மாநகராட்சி வேணாம்னு சொல்லல. குப்பை வண்டி வருது, தார் ரோடு வந்துச்சு, எங்க புள்ளைங்களுக்கு அந்த வசதி எல்லாம் வேணும். ஆனா இழந்தது என்னன்னும் சொல்லணும். 100 நாள் வேலை ஊராட்சிக்கு மட்டுந்தான்ங்கறதால வயசான பொம்பளைங்களுக்கு அந்தக் கூலி நின்னுபோச்சு. தெருவுக்கு நாலு வீடு தள்ளி இருந்த வார்டு மெம்பர் போயி, சராசரியா 30,000 பேருக்கு மேல ஒரு கவுன்சிலர்னு ஆச்சு, அதுவும் 2016ல இருந்து 2022 வரைக்கும் தேர்தலே நடக்காம கவுன்சிலரும் இல்லாம கிடந்தோம். 2022 நவம்பர் 1ல இருந்து டவுன்லயும் ஜனங்க கூடி குறை சொல்ற ஏரியா சபைன்னு ஒண்ணு வந்திருக்கு, அது நல்ல விஷயம், நான் போய்ப் பேசவும் போறேன்.

இனிமே சேரப்போற ஊர்க்காரங்களுக்கு நான் சொல்றது இதுதான், அரசாணை வர்றதுக்கு முன்னாடியே உங்க தீர்மான நோட்டு, வீட்டு வரி ரிஜிஸ்டர், பஞ்சாயத்து போட்ட ரோடு, நட்ட கம்பம், வெட்டுன கேணி, சுடுகாட்டுக்கும் கடலுக்கும் போற வழி எல்லாத்தையும் லிஸ்ட் எடுத்து ஒரு கிராம சபைல சத்தமா படிச்சுக் காட்டச் சொல்லுங்க, ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்குங்க. அரசாங்கத்துக்கு என் கோரிக்கை, 2011ல சேர்ந்த அந்த 25 ஊராட்சியோட நோட்டுங்க எந்த குடோன்ல, எந்த மூட்டைல இருந்தாலும் தேடி எடுத்து ஸ்கேன் பண்ணி, மண்டல ஆபீஸ்ல யார் வேணா பார்க்குற மாதிரி வையுங்க. பதினஞ்சு மழைக்காலம் போச்சு, காகிதம் இன்னும் எத்தன நாளு தாங்கும்னு தெரியல.

என்கிட்ட அப்பா ரசீது ஆறு இருக்கு, அந்த ட்யூப் லைட் போட்ட அன்னிக்கு எடுத்த ஒரு போட்டோவும் இருக்கு. பக்கத்து ஊர்ல யார்கிட்டயாவது பழைய பஞ்சாயத்து காகிதம் எதுவா இருந்தாலும், கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல, தூக்கிப் போட்டுடாதீங்க.

இப்படிக்கு,
ஈசிஆர் பக்கத்துல இருந்து உங்க வாசகர் ஒருத்தர்