மாலத்தீவு ரிசார்ட் தேர்வில் தவறான தகவல்: பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: மாலத்தீவு சொகுசு ரிசார்ட் பேக்கேஜில் தவறான உறுதிமொழிகள் கொடுத்தது, கூடுதல் செலவைத் திருப்பித் தரக் கோருவது தொடர்பாக

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனம் மூலம் குடும்பத்தோடு மாலத்தீவு போய்வந்தோம். விமான டிக்கெட், கடல்விமானம், ரிசார்ட் எல்லாமே உங்கள் வழியாகத்தான் பதிவானது. முன்பதிவு விவரங்களையும், உங்கள் பயண ஆலோசகரும் நானும் பேசிக்கொண்ட மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்திகளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். முதலில் அவற்றைப் படித்துவிட்டு இந்தக் கடிதத்துக்கு வந்தால் நல்லது.

ரிசார்ட்காரர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை. அறை பளிச்சென்று இருந்தது, சாப்பாடு அருமை, வேலை செய்பவர்கள் தங்கமானவர்கள். புகார் உங்கள் மேல்தான். எங்களுக்குப் பொருந்தாத ஒரு தீவை, பொருந்தும் என்று எழுத்தில் உறுதி சொல்லி விற்றிருக்கிறீர்கள்.

நான் கேட்டது ஒன்றும் பெரிதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் வந்து இறங்கும் அன்றே ரிசார்ட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மகளுக்கு ஸ்நார்க்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு நீந்தியபடி கடலுக்கடியில் பார்ப்பது) என்றால் உயிர், அதனால் படகு ஏறாமல் கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பவளப்பாறை பார்க்க முடிய வேண்டும். மொத்தச் செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் உங்கள் ஆலோசகர் எழுதிய பதில், "கவலையே வேண்டாம் சார், உங்களுக்கென்றே அமைந்த தீவு இது."

நீங்கள் போட்டுக் கொடுத்த விமானம் மாலே வேலானா விமான நிலையத்தில் இறங்கியது மாலை நாலரைக்கு. பெட்டிகளை எடுத்துக்கொண்டு கடல்விமானக் கவுண்டருக்குப் போனோம். அங்கிருந்த பெண் எங்கள் சீட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், "இனி நாளைக் காலையில்தான்" என்றார். மாலத்தீவில் கடல்விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். அது இறங்கும் இடம் விளக்கு போட்ட ஓடுபாதை இல்லையே, கடல் தண்ணீர். விமானி தண்ணீரைக் கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். தூரத்துத் தீவுக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பியும் வர வேண்டும். அதனால் மதியம் மூன்றரை வாக்கிலாவது மாலேயில் இறங்காதவர்களுக்கு அன்றைக்கு இடம் கிடைப்பது கஷ்டம். மாலத்தீவு பேக்கேஜ் விற்கும் யாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய அரிச்சுவடி.

இத்தனைக்கும் டிக்கெட் போடுவதற்கு முன்பே, "நாலரைக்கு இறங்கினால் நேரம் போதுமா?" என்று கேட்டிருந்தேன். "உங்களுக்காகக் காத்திருப்பார்கள்" என்று பதில் வந்தது. சூரியனுமா காத்திருக்கும்?

அந்த ராத்திரி விமான நிலையத்துக்கு அடுத்த ஹுல்ஹுமாலே தீவில் ஒரு ஹோட்டலில் சொந்தக் காசில் தங்கினோம். ரிசார்ட்டில் நாங்கள் தொடாத படுக்கைக்கு முதல் இரவு வாடகையும் போனது. சாயங்காலம் இறங்குகிறவர்களுக்கு வழியே இல்லை என்றால் சரி, விதி என்று விட்டிருப்பேன். ஆனால் வடக்கு மாலே, தெற்கு மாலே அட்டோல்களில் (வளையமாக அமைந்த பவளத்தீவுக் கூட்டங்களில்) இருக்கும் ரிசார்ட்டுகளுக்கு விமான நிலையத்திலிருந்தே ஸ்பீட்போட் போகிறது, இருட்டினாலும் போகிறது. தூரத்துத் தீவுதான் வேண்டும் என்றால் இரவிலும் இறங்கக்கூடிய உள்நாட்டு விமான நிலையம் பக்கத்தில் இருக்கும் அட்டோலைப் பார்த்து, அங்கிருந்து படகு பிடிக்கலாம். விமான நேரத்தை வைத்துத் தீவைத் தேர்ந்தெடுப்பதா, தீவை வைத்து விமானத்தைத் தேர்ந்தெடுப்பதா, ஏதாவது ஒன்றைச் செய்திருக்க வேண்டும். நீங்கள் இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்துவிட்டு மறந்துவிட்டீர்கள்.

அடுத்து, பவளப்பாறை. உங்கள் இணையப் பக்கத்தில் அந்த ரிசார்ட்டுக்கு நேரே "சிறப்பான ஹவுஸ் ரீஃப்", அதாவது கரையிலிருந்தே நீந்திப் போகக்கூடிய பவளப்பாறை, என்று போட்டிருக்கிறது. போய்ச் சேர்ந்த அன்றே மகள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரிலேயே நடந்தாள், நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள். திரும்பி வந்து மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அப்பா, வெறும் மணல்தான் இருக்கு" என்றாள். அந்தத் தீவு ஒரு பெரிய ஆழமில்லாத லகூனுக்கு (பவள விளிம்புக்கு உள்ளே அடங்கிய கடல்நீர்) நடுவே இருக்கிறது. உண்மையான பவள விளிம்பு வெகு தூரத்தில், படகில்தான் போக வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம்.

உங்கள் விளம்பரப் படங்களில் மின்னுகிற அந்த இளம்பச்சை நீலத் தண்ணீர் எதனால் அப்படித் தெரிகிறது என்று உங்கள் ஆட்கள் யோசித்திருந்தாலே போதும். அடியில் வெள்ளை மணல், மேலே ஆழமில்லாத நீர், அதுதான் அந்த நிறம். பவளப்பாறை செங்குத்தாக இறங்கும் இடத்தில் தண்ணீர் கருநீலமாகிவிடும். மேலிருந்து எடுத்த செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தக் கருநீலக் கோடு கரையை ஒட்டி இருக்கிறதா, எட்டி இருக்கிறதா என்று யாருக்கும் தெரியும். குழந்தைகள் விளையாடவும், தண்ணீர் மேல் வில்லா கட்டவும் அகலமான லகூன் நல்லதுதான். நீந்திப் போய் மீன் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கரையை ஒட்டிய ரீஃப் வேண்டும். இரண்டும் ஒரே தீவில் அமைவது அபூர்வம். நாங்கள் கேட்டது இரண்டாவது, நீங்கள் கொடுத்தது முதலாவது.

படகில் போய்ப் பார்த்த ரீஃபிலும் பவளத்தில் பெரும்பகுதி வெளுத்துப்போயிருந்தது. அதை உங்கள் தலையில் கட்ட மாட்டேன். 1998-லும் 2016-லும் கடல் சூடேறி மாலத்தீவுப் பவளங்கள் பெருமளவில் செத்தன, 2024-லும் வெளுப்பு வந்தது. அது உலகத்தின் பிரச்சினை. ஆனால் "பல வண்ணப் பவளத் தோட்டம்" என்று நீங்கள் போட்டிருக்கும் படம் எந்த வருடத்தது, எந்தத் தீவினுடையது என்பதையாவது தெரியப்படுத்துங்கள். அங்கே இருக்கும் டைவிங் பயிற்சியாளரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். சிரித்துவிட்டுப் போனார்.

வில்லா விஷயமும் இப்படித்தான். நாங்கள் போனது ஜூலையில். சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று கூடுதல் பணம் வாங்கி, மேற்குப் பக்க வாட்டர் வில்லாவைக் கொடுத்தீர்கள். மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்று. காற்றும் அலையும் முகத்தில் அறைவது அந்தப் பக்கத்தில்தான். வில்லாவிலிருந்து கடலில் இறங்கும் ஏணியைக் கயிறு கட்டி மூடி, சிவப்புக் கொடி வைத்திருந்தார்கள். மேற்குக் கரையில் மணல் அரித்துப் போய் மணல்மூட்டை அடுக்கியிருந்தது. பருவத்துக்குப் பருவம் மணல் தீவைச் சுற்றி இடம் மாறும் என்பது அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிகிறது.

மழைக்காலத்தில் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடாவில் மாண்டா திருக்கைகள் கூட்டமாக வருவதே இந்தப் பருவத்தில்தான், அதற்காகவே ஆட்கள் வருகிறார்கள். ஜூலையில் கிழக்குப் பக்கம் அமைதியாக இருக்கும், வாடகையும் குறைவு என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். கடைசியில் அதைச் செய்தது ரிசார்ட் மேலாளர்தான். அம்மா படும் பாட்டைப் பார்த்து, கேட்காமலேயே எங்களைக் கிழக்குக் கரையில் ஒரு பீச் வில்லாவுக்கு மாற்றினார். அங்கே கடல் குளம்போலக் கிடந்தது.

அப்புறம் பில். உங்கள் விலைப்பட்டியலில் தொகைக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு கூட்டல் குறி இருக்கிறது. அதற்கு அர்த்தம், 10 சதவீத சேவைக் கட்டணம் தனி, அதையும் சேர்த்த தொகைக்குச் சுற்றுலாவுக்கான ஜிஎஸ்டி 17 சதவீதம் தனி. அதாவது 100 டாலர் என்று போட்டால் கட்ட வேண்டியது 128 டாலர் 70 சென்ட். அதற்கு மேல் பசுமை வரி, 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். இவை அந்த நாட்டு அரசு போட்ட வரிகள், ரிசார்ட்டின் வழக்கமான சேவைக் கட்டணம், கட்டுவதில் எனக்கு வருத்தமில்லை. மொத்தம் எவ்வளவு என்று கேட்டவனிடம் "எல்லாம் அடக்கம்" என்று எழுதியதுதான் தவறு.

இதையெல்லாம் ஏற்கெனவே உங்கள் உதவி மையத்துக்கு எழுதினேன். "இயற்கைச் சூழலுக்கு நிறுவனம் பொறுப்பாகாது" என்று பதிலும், அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி கூப்பனும் வந்தன. பருவக்காற்றை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்று தெரிந்துகொண்டு அறை கொடுக்கத்தான் உங்களுக்குப் பணம் கட்டினேன்.

எனவே, ஹுல்ஹுமாலே ஹோட்டல் செலவு, தங்காத முதல் இரவின் வாடகை, மேற்குப் பக்க வில்லாவுக்கு வாங்கிய கூடுதல் தொகை, ஸ்நார்க்கெலிங் படகுக் கட்டணம், "எல்லாம் அடக்கம்" என்று சொல்லிவிட்டு அங்கே எங்களைக் கட்டவைத்த தொகை ஆகியவற்றைத் திருப்பித் தர வேண்டும். ரசீதுகள் இணைப்பில் உள்ளன. அந்த ரிசார்ட்டுக்கான உங்கள் இணையப் பக்கத்தில் ஹவுஸ் ரீஃப் பற்றிய வரியை எடுத்துவிட்டு, கடல்விமானத்துக்கு எத்தனை மணிக்குள் மாலேயில் இறங்க வேண்டும் என்பதையும் போடுங்கள். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், இதே இணைப்புகளோடு நுகர்வோர் அமைப்பிடம் முறையிடுவேன்.

பணத்தை முன்பதிவு செய்த அதே கார்டுக்கே அனுப்பலாம். கூப்பன் வேண்டாம்.

இப்படிக்கு,
முன்பதிவு செய்த குடும்பத்தின் சார்பாக,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: முன்பதிவு விவரம், மின்னஞ்சல் மற்றும் வாட்ஸ்அப் நகல்கள், ஹோட்டல் மற்றும் படகு ரசீதுகள், ரிசார்ட் இறுதி பில்