குரலைப் பெட்டி விழுங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடை விழாக்களுக்கான வில்லுப்பாட்டும் சாமி பாடல்களும் இப்போது பாளையங்கோட்டை, தென்காசி, கோவில்பட்டிப் பக்கம் வீட்டு அறைகளிலேயே பதிவாகின்றன. மைக் ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸோடு, மைக் சிக்னலைப் பெருக்கும் பிரீஆம்ப், உரத்த குரலை அமுக்கும் கம்ப்ரஸர், மெல்லிய ஒலியை அடைத்துவிடும் கேட் என்று தனிப் பெட்டிகளும் வந்து சேர்ந்துவிட்டன. பெட்டிகள் மேல் குறையில்லை. ஆனால் பாடும்போதே அளவுக்கு மீறி அமுக்கிப் பதிந்த குரலைப் பிறகு யாராலும் பழையபடி விரித்தெடுக்க முடியாது.

வில்லுப்பாட்டில்தான் இந்தச் சேதம் அதிகம். மெல்லக் கதை சொல்லி வரும் புலவர், சுடலைமாடன் வரும் இடத்தில் குரலை உச்சத்துக்குத் தூக்குவார். அதற்குப் பயந்து கம்ப்ரஸரில் எத்தனை மடங்கு அமுக்குவது என்ற அளவான ரேஷியோவை 8, 10 என்று வைத்தால் பேச்சும் முழக்கமும் ஒரே மட்டமாகிவிடும். அதோடு, 10 டெசிபல் அமுக்கியதை ஈடுகட்ட 10 டெசிபல் கூட்டினால், வரிகளுக்கு நடுவே மூச்சும் மின்விசிறி இரைச்சலும் அதே 10 டெசிபல் மேலே ஏறும்.

முதல் கம்ப்ரஸர் பாடுகிறவரின் கழுத்துதான். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பாடுகிறவர், உச்சக் குரலில் இரண்டு சாணுக்கு விலகினால் சுமார் 6 டெசிபல் தானாகக் குறைகிறது. இதற்குச் செலவே இல்லை.

அடுத்து பிரீஆம்ப். கம்ப்ரஸரை பைபாஸில், அதாவது குரலைத் தொடாமல் அப்படியே கடத்திவிடும் நிலையில் போட்டுவிட்டு, பாட்டிலேயே சத்தமான வரியைப் பாடச் சொல்லுங்கள். கணினியில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். 24 பிட்டில் பதியும்போது அதற்கு மேல் ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. பிறகு கம்ப்ரஸரை இணைத்து, ரேஷியோ 2 அல்லது 3, அட்டாக் (அமுக்கத் தொடங்கும் நேரம்) 15 முதல் 20 மில்லிசெகண்ட், ரிலீஸ் (அமுக்கியதை விடும் நேரம்) 150 மில்லிசெகண்ட் அளவில் வையுங்கள். சாதாரண வரியில் கம்ப்ரஸர் மீட்டரின் முள் அசையக்கூடாது, உச்ச வரியில் மட்டும் 3 டெசிபல் இறங்க வேண்டும். அட்டாக் இதைவிட வேகமானால் க, ட, த, ப போன்ற வல்லினத்தின் முனை மழுங்கி, சொல் கொழகொழவென்று கேட்கும். 1176 என்ற வகை கம்ப்ரஸரில் கூடுதல் கவனம் வேண்டும்: அதன் மிக மெதுவான அட்டாக்கே ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு, குறைந்த ரேஷியோ 4. அட்டாக் திருகை வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும். மெதுவாகும் என்று நினைத்துத் திருப்புகிறவர்கள் நிறையப் பேர். மெல்லப் பிடிக்கும் எல்ஏ-2ஏ வகை கம்ப்ரஸர்தான் பாட்டுக் குரலுக்கு என் தேர்வு.

கம்ப்ரஸரின் அவுட்டை இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டில் செருக வேண்டும். மைக் இன்புட்டில் செருகினால் சிக்னல் இன்னொரு பிரீஆம்ப் வழியாகப் போய்க் கரகரக்கும். இரண்டு இன்புட் இருந்தால், பிரீஆம்பின் அவுட்டை ஒய் கேபிளில் பிரித்து, ஒன்றை கம்ப்ரஸர் வழியாகவும் மற்றதை நேராகவும் பதியுங்கள். கம்ப்ரஸர் கெடுத்தாலும் கெடாத குரல் ஒன்று கையில் இருக்கும். உம்மென்ற இரைச்சல் வந்தால் எல்லாப் பெட்டிகளையும் ஒரே பவர் போர்டில் செருகிப் பாருங்கள். எர்த் பின்னைக் கழற்றுவது உயிருக்கு ஆபத்து.

கேட் மட்டும் பதிவு முடியும்வரை அணைந்தே இருக்கட்டும். தமிழ்ச் சொற்கள் பல குற்றியலுகரத்தில் முடிகின்றன. அதற்கு அரை மாத்திரைதான். ‘வந்தது’, ‘கேட்டு’ என்று குரல் தணியும் இடத்தில் கேட் மூடிக்கொண்டால் கடைசி உகரம் போய்விடும். இடைவெளி இரைச்சலைக் கணினியில் பிறகு கையாலேயே வெட்டிக்கொள்ளலாம். ஆனால் விழுங்கப்பட்ட உகரத்துக்காகப் புலவரைத் திரும்ப வரவழைத்துப் பாட வைக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவாளர்,
பாளையங்கோட்டை.