‘முதல்ல இருந்து வாசி’ என்று சொல்லாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளும் அதைத் தொடர்ந்து பள்ளி ஆண்டு விழாக்களும் வரும் காலம் இது. குமரி மாவட்டத்தில் பேண்டு வாசிக்கும் பிள்ளைகளுக்கு ஓய்வே இருக்காது. குழுவோடு நன்றாக வாசிக்கிற பிள்ளை சோலோவுக்கு மேடையேறியதும் நடுவில் தடுக்கி நின்றுவிடுகிறது. சபைக் கூச்சம் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். கூச்சமும் உண்டுதான். ஆனால் பெரும்பாலும் கோளாறு வீட்டுப் பயிற்சியில் இருக்கிறது.

பிள்ளை முதல் நோட்டிலிருந்து தொடங்கும். பன்னிரண்டாவது பாரில் (நோட்டுத் தாளில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டம்தான் பார்) விரல் தடுமாறும். உடனே திரும்பவும் முதலிலிருந்து. அடுக்களையிலிருந்து அம்மாவும், “ஒருக்கா முதல்ல இருந்து வாசி மக்களே” என்பார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஏற்கெனவே தெரிந்த முதல் எட்டு பார் இருபது தடவை ஓடியிருக்கும்; கடைசி எட்டு பார் இரண்டு தடவை. பன்னிரண்டாவது பாரைக் கேட்கவே வேண்டாம், தடுமாற்றமும் சேர்ந்தே விரலில் பதிந்திருக்கும்.

அந்த ஒரு பாரையும், அடுத்த பாரின் முதல் நோட்டையும் மட்டும் தனியே எடுக்க வேண்டும். அடுத்த நோட்டையும் சேர்ப்பது ஏனென்றால், பிழை பெரும்பாலும் பாருக்குள் அல்ல, இரண்டு பார் சேரும் இடத்தில்தான் வருகிறது. தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை 60-இல் (நிமிடத்துக்கு 60 தட்டு) வையுங்கள்; செல்போனில் இலவசமாகவே கிடைக்கிறது. தொடர்ந்து ஐந்து தடவை சுத்தமாக வந்தால் 64, பிறகு 68. பிழை வந்தால் நான்கு குறைக்க வேண்டும். மேடையில் 96 வேகம் தேவையென்றால், அதை எட்ட ஒரு வாரம் ஆகட்டும். பாட்டு முழுவதையும் பழகும்போது கடைசி நான்கு பாரில் தொடங்கி, முந்தைய நான்கு நான்காகச் சேர்த்துக்கொண்டு பின்னோக்கி வாருங்கள். அப்படிப் பழகினால், மேடையில் வாசிக்க வாசிக்க அதிகம் பழகிய பகுதிக்குள் போவோம். நாம் வழக்கமாகச் செய்வதோ நேர் எதிர்.

நேரம் அதிகம் வேண்டாம். காலை பத்து நிமிடம், சாயங்காலம் இருபத்தைந்து நிமிடம் போதும். வாரம் முழுக்கத் தொடாமல் ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் ஊதினால் உதடு வீங்குவதுதான் மிச்சம். டிரம்பெட், டிராம்போன் பிள்ளைகள் ஊதிய நேரம் அளவுக்கே ஓய்வும் எடுக்க வேண்டும். அந்த ஓய்வில் டிரம்பெட் பிள்ளைகள், விரலால் அழுத்தும் வால்வை மட்டும் அழுத்தி விரல் பழகலாம். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் நீண்ட நோட்டு: 60 வேகத்தில் எட்டு எண்ணிக்கை, ஒலி நடுங்காமல். வாத்தியம் சூடானால் சுருதி ஏறும். ஆகவே சுருதி காட்டும் டியூனரை இந்த ஐந்து நிமிடம் கழித்துப் பார்ப்பதே சரி.

சங்கீதம் தெரியாத பெற்றோரும் கவனிக்கக்கூடியது ஒன்று உண்டு. ஊதி முடித்த பின் உதட்டில் மவுத்பீஸின் (வாய் வைத்து ஊதும் பகுதி) வட்டத் தடம் ஆழமாகப் பதிந்து வெகுநேரம் மறையாமல் இருந்தால், பிள்ளை மேல் ஸ்தாயிக்கு மூச்சைக் கொடுக்காமல் வாத்தியத்தை உதட்டில் அழுத்துகிறது என்று பொருள். ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

நம் ஊரில் எதற்கும் தேங்காயெண்ணெய் என்பது ஒரு பழக்கம். வால்வுக்கு மட்டும் அது ஆகாது; நாளடைவில் பிசினாகி வால்வு ஒட்டிக்கொள்ளும். வால்வு ஆயில் இரண்டு மூன்று சொட்டு போதும். கிளாரினெட், சாக்சபோன் ரீடை (ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் தகடு) நனைந்தபடியே பெட்டியில் மூடினால், இரண்டு பருவமழையும் பெய்யும் இந்த மாவட்டத்தில் பூஞ்சை பிடிக்கத்தான் செய்யும். துடைத்து, காற்றோட்டமாக உலர்த்தி வையுங்கள். மூன்று ரீடுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, மேடைக்கு அதில் நன்றாகப் பழகிய ஒன்றை எடுக்கலாம். நிகழ்ச்சியன்று புத்தம் புதிய ரீடு வேண்டவே வேண்டாம்.

கீபோர்டு துணையோடு வாசிப்பவர்கள் கடைசி நேரத்தில் குழம்பும் விஷயம் ஒன்று. பி பிளாட் டிரம்பெட்டில் ‘சி’ வாசித்தால் கேட்பது பி பிளாட். ஆல்டோ சாக்சபோனில் அதே ‘சி’ ஈ பிளாட்டாகக் கேட்கும். பிள்ளையின் தாளையே பார்த்துக் கீபோர்டு வாசித்தால், கீபோர்டின் சுருதியை அரைச் சுரம் அரைச் சுரமாக மாற்றும் டிரான்ஸ்போஸை டிரம்பெட்டுக்கு –2, ஆல்டோவுக்கு +3 என்று வைக்க வேண்டும். ஒத்திகையிலேயே இதை முடித்துவிடுங்கள்.

கடைசி வாரத்தில் மட்டும் தினம் ஒரு முறை முழுப் பாட்டு. நின்றுகொண்டு, பிழை வந்தாலும் நிறுத்தாமல். மூச்சு எடுக்கும் இடங்களைப் பென்சிலால் குறித்திருக்க வேண்டும். செல்போனில் பதிவு செய்து கேட்கலாம். ஆனால் சத்தம் கூடியதா குறைந்ததா என்பதைப் போனை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கிவிடும்.

பள்ளிகளுக்கும் சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வாத்தியத்தை வீட்டுக்குக் கொடுக்க மனமில்லாமல் அலமாரியில் பூட்டுகிறவர்கள், டிரம்பெட், டிராம்போன் பிள்ளைகளிடம் மவுத்பீஸையாவது கொடுத்தனுப்பலாம். அதில் உதட்டை அதிரவிட்டுப் பாட்டின் சுருதியைப் பிடித்துப் பழகினால் பயிற்சியில் பாதி வீட்டிலேயே நடந்துவிடும். ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் வைக்க வேண்டிய அவசியமும் இராது.

இப்படிக்கு,
பேண்டு பயிற்றுநர் ஒருவர்,
தக்கலை.