கோமாரி ஊசி போட வரும்போது எங்கள் சிட்டுவுக்கும் ஒரு ஊசி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலம் வட்டத்தில், கோரையாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் விவசாயம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவள். 2025 ஆகஸ்டில் டெல்லித் தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் முதலில் ஓர் உத்தரவு போட்டு, ஊசியும் கருத்தடையும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம் என்று 22ஆம் தேதி அதைத் திருத்தியதிலிருந்து பேப்பரில் நாய்ச் செய்தி வராத நாள் குறைவு. கடித்த நாய், துரத்திய நாய், பிடிக்கப்போன வண்டி என்று படித்துக்கொண்டே இருக்கிறோம். கடிபட்ட பிள்ளைகளின் படத்தைப் பார்த்தால் மனசு பதறுகிறது. அந்த வேதனையைக் குறைத்துச் சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் எங்கள் பக்கத்து வாசல்களில் படுத்திருக்கும் நாய் எப்படிப்பட்டது, அதற்கு என்ன செய்துகொடுக்க வேண்டும் என்பதையும் நாலு பேர் படிக்க வேண்டும். எங்கள் வீட்டு நாயை வைத்தே சொல்கிறேன்.

அவள் பெயர் சிட்டு. நாட்டு நாய்தான். செம்மண் நிறம், வால் நுனியில் மட்டும் வெள்ளை. வலது காது மடிந்திருக்கும். எலி வளையைக் கண்டால் மட்டும் நிமிரும். பல வருடங்களுக்குப் பிறகு 2020இல் மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதியே திறந்தார்களே, அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டி, வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புக்கு வந்து, எங்கள் ஆற்றில் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், காய்ந்து கிடந்த மணலில் உரச் சாக்கில் போட்டுக் கட்டியிருந்த குட்டிகளில் ஒன்று அவள். அத்தனையும் பொட்டைக் குட்டிகள். ஆண் குட்டி என்றால் கேட்டு வாங்கிப்போக ஆள் உண்டு. பொட்டைக் குட்டியை ஆற்றிலோ சந்தையிலோ நெல் கொள்முதல் நிலையத்துப் பக்கமோ விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். என் வீட்டுக்காரர் சத்தம் கேட்டு இறங்கிப்போய்ச் சாக்கை அவிழ்த்தார். ஒன்றை நாங்கள் வைத்துக்கொண்டோம், மற்றவற்றை ஊரில் ஆளுக்கொன்றாகக் கொண்டுபோனார்கள்.

பொட்டை நாயை வைத்தால் ஊர் நாயெல்லாம் வாசலில் வந்து நிற்கும் என்று என் மாமியார் அன்றைக்கே சத்தம் போட்டார். எண்பதைத் தாண்டியவர். “நாயை நடைக்கு மேல ஏத்தாதே” என்று இன்றைக்கும்தான் சொல்கிறார். ஆனால் அவர் முந்தானை முடிச்சில் சிட்டுவுக்கென்று ஒரு வர்க்கித் துண்டு எப்போதும் இருக்கும். சிட்டுவும் அவருக்கென்று ஒரு நடை வைத்திருக்கிறாள். என் வீட்டுக்காரரோடு வயலுக்குப் போனால் வாய்க்காலைத் தாவி, வரப்பைத் தாவி, எங்கேயோ மறைந்து திரும்பி வருவாள். மாமியார் கொல்லைப் பக்கம் போனாலோ, அவருடைய இடது பக்கத்தில் ஓரடி முன்னே, அவர் கைத்தடி ஊன்றுகிற வேகத்திலேயே நடப்பாள். அவர் நின்றால் நிற்பாள். மாமியாருக்குப் பார்வை மங்கியிருப்பது இடது கண்ணில்தான். யாரும் சிட்டுவைப் பழக்கவில்லை.

நடவு நாளில் அவளைப் பார்க்க வேண்டும். நடவாட்கள் தூக்குவாளியையும் பையையும் பூவரச மரத்தடியில் வைத்துவிட்டு வயலில் இறங்கியதும், சிட்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். உள்ளே கருவாடே இருந்தாலும் மூக்கை நீட்டமாட்டாள். காக்கை கிட்டே வந்தால் எழுந்து ஒரு விரட்டு. ஒருமுறை ஓர் அம்மா கேட்டார் என்று அவருடைய வெற்றிலைப் பையை எடுக்கப் போனேன். என்னைப் பார்த்தே உறுமினாள். தினமும் சோறு வைக்கிறவள் நான். இருந்தாலும் அந்தப் பை என்னுடையது இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆட்கள் கரையேறிச் சாப்பிடும்போது ஆளுக்கொரு கவளம் வைப்பார்கள். கூப்பிட்டவரிடம் மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மறுபடி தன் இடத்துக்கு வந்துவிடுவாள்.

எலி விஷயத்தில்தான் என் வீட்டுக்காரருக்கும் அவளுக்கும் சண்டை. கதிர் வருகிற சமயத்தில் வரப்பெல்லாம் எலி வளையாகிவிடும். வளை வாயில் தலையைச் சாய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பாள். அப்புறம் முன்னங்கால் இரண்டாலும் தோண்ட ஆரம்பித்தால் வரப்பு போச்சு, கட்டி வைத்த தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். அதட்டினால் நிறுத்திவிடுவாள். ஆனால் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். வால் நுனி மட்டும் அசையும்.

கிட்டி வைக்கிறவர் வந்தால் கோபமெல்லாம் மறந்துபோகும். மூங்கிலில் வில் மாதிரி வளைத்துச் செய்கிற இந்த எலிக்கிட்டி, வெளியூர்களிலும் தஞ்சாவூர்க் கிட்டி என்றே பெயர் வாங்கியது. பொழுது சாய அவர் வரிசையாக ஊன்றிக்கொண்டு போவார், விடிந்ததும் வந்து எடுப்பார். குட்டியாக இருந்தபோது ஒரு கிட்டி சிட்டுவின் மூக்கோரத்தில் அடித்துவிட்டது. அதிலிருந்து எதையும் தொடுவதில்லை, ஆனால் அவர் பின்னாலேயே போய் ஒவ்வொன்றையும் நின்று பார்ப்பாள். காலையில் எலி விழுந்த கிட்டிக்கு நேரே போய் நின்று குரல் கொடுப்பாள். தேடுகிற வேலை மிச்சம் என்று அவருக்கு இவளிடம் தனிப் பிரியம்.

அவள் குரைப்பதை வைத்தே வெளியே வந்திருப்பது என்ன என்று வீட்டுக்குள் இருந்தபடி சொல்லிவிடுவோம். புது ஆள் என்றால் அடித்தொண்டையில் விடாமல். கீரிப்பிள்ளை என்றால் கீச்சுக் குரலோடு ஓட்டம். பாம்பு என்றால் ஒரு குரல், ஓரடி பின்னால், மறுபடி ஒரு குரல். அது கேட்டால் டார்ச் லைட் இல்லாமல் யாரும் வாசலில் கால் வைப்பதில்லை. போன தை மாதம் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போனபோது என் குறுக்கே நின்றுகொண்டு இப்படித்தான் குரைத்தாள். போரடியில் நல்ல பாம்பு படுத்திருந்தது.

இன்னொரு குரல் உண்டு, அது கூட்ஸ் வண்டிக்கு. நீடாமங்கலம் கேட்டைக் கடக்கும்போது ராத்திரியில் கூட்ஸ் நீளமாக ஊதும். பாசஞ்சருக்கும் எக்ஸ்பிரஸுக்கும் அசையாதவள், இதற்கு மட்டும் எழுந்து உட்கார்ந்து கழுத்தை உயர்த்தி ஊளையிடுவாள். நாய் ஊளையிட்டால் வீட்டுக்கு ஆகாது என்று மாமியார் திருநீறு எடுப்பார். கோயிலில் சங்கு ஊதினாலும் சிட்டு இதே ராகம்தான். எனக்கென்னவோ அவளுக்கு அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது என்றுதான் படுகிறது.

அமாவாசையன்று மதில்மேல் காக்கைக்குச் சோறு வைப்போம். எட்டுகிற உயரம்தான், ஆனால் தொடமாட்டாள். கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தபடியே இருப்பாள். காக்கை வரத் தாமதமானால் மாமியார் கா, கா என்று கூப்பிடுவார், கூடவே இவளும் குரல் கொடுப்பாள். காக்கை கொத்தும்போது சிதறி விழுவது மட்டும் அவளுக்கு.

திருப்பூரில் வேலை பார்க்கும் என் மகள் வீடியோ காலில் வந்தால், படத்தைச் சிட்டு ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. குரலைக் கேட்டதும் போனின் பின்பக்கமாகப் போய்த் தேடுகிறாள். மகளுக்கு அங்கே தொண்டை அடைத்துவிடும்.

பாம்புக்குப் பயப்படாதவள் இடிக்கும் வெடிக்கும் பயப்படுவாள். நம் காதுக்கு எட்டுவதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான உச்ச ஒலிகள் நாயின் காதுக்கு எட்டுமாம். ஐப்பசி மழையில் எங்களுக்கு முன்னால் அவளுக்கு இடி தெரிந்துவிடும், போய் நெல் மூட்டைகளுக்கு இடையில் புகுந்துகொள்வாள். நடைக்கு மேலே ஏற்றாதே என்று சொல்கிற மாமியாரே அப்போது பழைய சேலையை எடுத்துப் போடுவார். தீபாவளிக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் ஆற்றங்கரைக்குப் போய் வெடிக்கிறார்கள். நான் கேட்டுக்கொண்டேன், கேட்டார்கள். நல்ல பிள்ளைகள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிட்டுவுக்கு மூன்றாம் மாதத்திலேயே வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம், அதன் பிறகு வருடம் தவறாமல் போடுகிறோம். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் குட்டியானை வண்டியில் கொண்டுபோய்க் கருத்தடையும் செய்தோம். வண்டியும் கையில் நாலு காசும் இருந்ததால் எங்களால் முடிந்தது. சாக்கில் அவளோடு கிடந்த மற்றக் குட்டிகள் போன வீடுகள் தினக்கூலி வீடுகள். அவர்களுக்கும் நாய்மேல் எங்களுக்கு இருக்கிற அளவு பிரியம் இருக்கிறது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பஸ்ஸில் ஏற்ற முடியாத நாயை டவுனுக்கு எப்படிக் கொண்டுபோவார்கள்?

இலவச ஊசி முகாம்கள் நடக்கின்றன, நான் மறுக்கவில்லை. லூயி பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28ஆம் தேதியை உலக வெறிநோய் தினமாக வைத்து, அதையொட்டிப் பல ஊர்களில் போடுகிறார்கள். ஆனால் டெல்டாவில் அது குறுவை அறுவடையும் சம்பா நடவும் ஒன்றாக நடக்கிற நேரம். மெஷினுக்கும் ஆளுக்கும் நாங்கள் அலைகிற வாரத்தில், நாயைக் கயிறு கட்டி யார் கூட்டிப்போவது?

மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போட ஆறு மாதத்துக்கு ஒருமுறை கால்நடைத் துறையினர் ஐஸ் பெட்டியோடு ஊருக்கே வருகிறார்கள். அதே பெட்டியில் வெறிநோய் மருந்தையும் கொண்டுவந்து, அதே நாளில் ஊர் நாய்கள் எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டால் என்ன? கருத்தடைக்குக் கோடையில், வயல் சும்மா கிடக்கும் பங்குனி சித்திரையில், நாலைந்து கிராமத்துக்குச் சேர்த்து ஒரு முகாம் வைத்தால் ஆற்று மணலில் சாக்குக் கட்டுகிற வழக்கமும் குறையும். மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் வரை நாய் வழியாகத்தான் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது அரிதிலும் அரிது. கடிபட்டவர் சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் என்று எதையும் அப்பாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் அந்த முகாமிலேயே நாலு பேருக்குச் சொல்லலாம்.

உங்கள் நாளிதழ் இதை வெளியிட்டால் கால்நடைத் துறை அதிகாரிகள் கண்ணில் படும். எங்கள் ஊருக்கு எந்த நாள் வருவதாக இருந்தாலும், முந்தின நாள் ஒலிபெருக்கியில் சொன்னால் போதும். வீட்டுக்கு வீடு போய் நாய்களைக் கயிறு கட்டி மாரியம்மன் கோயில் திடலுக்குக் கொண்டுவரும் வேலையை எங்கள் மகளிர் குழு பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.