பச்சை இலையோடு வாடும் செடி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேரனின் காதணி விழா சிறப்பாக நடந்ததில் மகிழ்ச்சி. தக்காளிச் செடிகள் மஞ்சளாகாமலே, பச்சை இலையோடு துவண்டு சாய்கின்றன என்று படித்தபோதுதான் மனம் வருந்தியது. அறுத்த தண்டைத் தெளிந்த நீரில் நிறுத்தியதும் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற இழை இறங்கியது என்றால், அது 1896-இல் அமெரிக்காவின் எர்வின் ஸ்மித் விவரித்த ரால்ஸ்டோனியா சொலனாசியாரம் என்னும் பாக்டீரியாவின் வேலைதான்.

வேரில் நுழைந்தவுடன் செடியை வீழ்த்தாமல் அது ஏன் காத்திருக்கிறது என்று கேட்டிருந்தாய். கிருமியின் ஒவ்வொரு செல்லும் கொழுப்பு அமில எஸ்டர் என்னும் ஒரு வேதிப்பொருளைச் சமிக்ஞையாகச் சிறிது சிறிதாக வெளியிடுகிறது. செல்கள் குறைவாக இருக்கும்வரை அது கலைந்துபோகும். அக்காலத்தில் கிருமி கசையிழையால் நீந்தும், இரும்பைத் திரட்டும், செடியின் செல்சுவரிலுள்ள பெக்டினைக் கரைக்கும். நீர் ஏறும் குழாய்க்குள் பெருகி, ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கோடி செல்கள் என்ற அளவை எட்டும்போது, சேர்ந்துவிட்ட அந்த எஸ்டரை உணரும் புரதங்கள் பிஎச்சிஏ என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தைச் செயல்பட விடுகின்றன. அதன்பின் நீச்சல் அடங்கி, பிசுபிசுப்பான சர்க்கரைப் பொருள் பெருமளவில் சுரந்து குழாயை அடைக்கிறது. இலை பச்சையாக இருக்கும்போதே வாடுவது இதனால்தான்.

இந்தக் காத்திருப்பின் காரணமே என்னை மிகவும் ஈர்க்கிறது: நோய் உண்டாக்குவது கிருமிக்கே பெருஞ்செலவு. பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் 2016-இல் காட்டியபடி, பிஎச்சிஏ இழந்த கிருமி இன்னும் பலவகை உணவுகளை உண்டு வேகமாக வளர்கிறது. ஆனால் செடியை வாட்ட அதனால் முடிவதில்லை. ஆய்வகத் தட்டில் நெடுநாள் வளர்த்தால் இத்தகைய வீரியமற்ற திரிபுகள் தாமாகவே தலைதூக்கும். 1954-இல் ஆர்தர் கெல்மன் வகுத்த, கிருமியை வளர்க்கும் சாயம் கலந்த ஊடகத்தில், வீரியமுள்ளவை நடுவில் இளஞ்சிவப்போடு வெண்மையாக வழிந்து பரவும். இழந்தவை சிறிய, அடர்சிவப்புத் திட்டுகளாக நிற்கும். ஒரு மரபணுவின் இழப்பை வெறுங்கண்ணால் காண்பது எத்தனை அரிது!

அப்படியானால் அந்த எஸ்டரையே சிதைத்துவிடலாமே என்று நீ கேட்பாய். அதைச் சிதைக்கும் நொதியை ஐடியோனெல்லா என்ற பாக்டீரியாவில் ஜப்பானியர் கண்டறிந்து 2007-இல் வெளியிட்டனர். ஆய்வகத்தில் சர்க்கரைச் சுரப்பும் குறைந்தது. ஆயினும் நான் அதை முழு நம்பிக்கையோடு வரவேற்க மாட்டேன். வேருக்குள் நுழையும் வேலையைக் கிருமி எண்ணிக்கை குறைந்த நிலையில்தான் செய்கிறது. ஆதலால் அந்தச் சமிக்ஞையை நிறுத்தினாலும் நுழைவு நின்றுவிடாது.

இப்போதைக்கு, எதிர்ப்புத்திறன் கொண்ட கத்திரி வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய தக்காளி நாற்றை அடுத்த பட்டத்துக்குத் தேடு. அந்த நிலத்தில் மிளகாயோ உருளைக்கிழங்கோ வைக்காமல் சோளம் போன்ற தானியம் விதை. வாடிய செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிடு. அவற்றை வாய்க்காலில் எறிந்தால், தண்ணீரோடு கிருமி கீழ்மடைத் தோட்டங்களுக்கும் போய்விடும். அந்த வயலில் புழங்கிய மண்வெட்டியையும் கழுவாமல் வேறு பாத்திக்குக் கொண்டுபோகாதே.

அன்புடன்,
இராமநாதன்