போஸ்டர் அடித்தாகிவிட்டது

சென்னை

அன்புள்ள செல்வின்,

எல்லாரும் சுகம். அம்மாவின் முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. உன் ஊர் எண்ணெயைப் பற்றி இனி பெருமை பேசாதே.

எழுத வந்தது வேறு. சபையில் வாலிபர் கூட்டத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆமாம், என்னைத்தான். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள்: 'விஞ்ஞானம் நிரூபித்த வேதம்'. பிரபஞ்சம் மிகச் சூடான, நெருக்கமான நிலையிலிருந்து விரியத் தொடங்கியது என்கிறார்களே, அந்தப் பெருவெடிப்பில் நான் தொடங்கி, "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்பதில் கொண்டுபோய் முடிக்க வேண்டுமாம்.

நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக் கிண்டலைச் சமாளித்துவிடலாம்டா. ஞாயிற்றுக்கிழமை நான் வராவிட்டால், 'ஆறே நாளில் உலகத்தை முடித்த கோஷ்டி, ஏழாம் நாள் லீவு' என்பார்கள். ஒரு டீயோடு தீர்ந்துவிடும். கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டுகிறவர்களிடம்தான் மாட்டிக்கொள்கிறேன்.

பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் கணக்குப் போட்டு எழுதிய லெமைத்ர, பெல்ஜியத்துப் பாதிரியார். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், இந்த வானியல் படைப்புக்கே சாட்சி என்கிற தொனியில் பேசினார். துள்ளிக் குதித்திருக்க வேண்டிய லெமைத்ரவுக்கு அது பிடிக்கவில்லை. தன் கொள்கை மத விவகாரத்துக்கு வெளியே நிற்பது என்பது அவர் கட்சி. அடுத்த ஆண்டு வானியலாளர்கள் முன்னால் பேசியபோது போப் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எனக்கும் அதே பயம்தான். பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு என்கிறோம். ஆனால் விரியும் வேகத்தை ஒரு வழியில் அளந்தால், ஏறக்குறைய 33 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு நொடிக்கு 67 கிலோமீட்டர், இன்னொரு வழியில் 73 என்று இன்னும் இழுபறி. நாளைக்கு ஏதாவது மாறினால் அந்தப் பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொள்வார்கள்? அப்பாவை அடக்கம் செய்த அன்று கல்லறையில் நான் பாடியது எந்த அளவீட்டையும் நம்பி இல்லை. உனக்குத் தெரியும், பக்கத்தில் நின்றாய்.

மறுத்துவிடவும் மனமில்லை. அங்கே பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். பிசிக்ஸ் எடுத்தால் விசுவாசம் போய்விடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்களாம். அவளுக்காகவாவது போகவேண்டும். நம் வேப்பேரியில் ஊழியம் செய்த அந்தக்கால மிஷனரி ராட்லர் ஐயரைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். செடிசெடியாகச் சேர்த்துப் பதம்பண்ணி வைத்தாரே, ஒவ்வொரு இலைக்கும் வசனம் தேடிக்கொண்டா இருந்தார்?

தலைப்பை மாற்றச் சொல்லி ஆயரிடம் கேட்டேன். "போஸ்டர் அடிச்சாச்சு தம்பி" என்கிறார். நீ அந்த வாரம் இங்கே வருவதாக இருந்தால் கூட்டத்துக்கு வா, முன்வரிசையில் உட்கார். கேள்வி நேரத்தில் மட்டும் வாயைத் திறக்காதே. டைனோசர் நோவாவின் பேழையில் ஏறியதா என்று நீதான் கேட்பாய்.

உன்,
ஜெயசீலன்