வசந்தாவுக்கு, நாய்ச் சாப்பாடு பற்றி

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்தது. பேரன் எதையும் பிடித்துக்கொள்ளாமல் நடக்கிறான் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லாரும் சௌக்கியம். இவருக்கு ஓய்வு வந்தாயிற்று. காலையில் எங்கள் நாய் பிச்சியை நடக்கக் கூட்டிப்போவது இப்போது இவர் வேலை, இரண்டு பேருக்குமே நல்லது.

உன் வீட்டுக்குச் சிப்பிப்பாறை நாய்க்குட்டி வந்திருப்பது தெரிந்து ரொம்பச் சந்தோஷம். பிச்சிக்குக் குக்கரில் என்ன சமைக்கிறோம் என்று கேட்டிருந்தாய். அரைக் கிலோ எலும்பில்லாத கோழிக்கறி, ஈரல் ஒரு சின்னத் துண்டு, நொய்யரிசி ஒரு டம்ளர், கொஞ்சம் மஞ்சள் பூசணியும் கேரட்டும். உப்பு கிடையாது. கறியை அடியில் போட்டு, நொய் நன்றாகக் குழையும் அளவுக்குத் தண்ணீர் விடு. குக்கர் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது, நொய் நுரைத்துப் பொங்கி விசில் துளையை அடைத்துவிடும். நாலு விசிலுக்குப் பிறகு சிம்மில் பத்து நிமிஷம், அப்புறம் ஆவி தானாக அடங்கட்டும். தண்ணீர் மிஞ்சினாலும் கொட்டாதே, கறியிலிருந்து கரைந்த சத்து அதில் இருக்கிறது. மசித்து, ஆறவைத்து, உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. மூன்று நாளைக்கு மேல் வைக்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் வெந்த சோறு வெளியே கிடந்தால் சீக்கிரம் கெட்டுப்போகும்.

நாம் சாப்பிட்ட மிச்சத்தைப் போட்டாலே போதும் என்று உன் மாமியார் சொல்வதாக எழுதியிருந்தாய். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் நம் சாம்பாரிலும் குழம்பிலும் வெங்காயம், பூண்டு இல்லாத நாள் ஏது? அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. பாயசத்தில் கிடக்கும் திராட்சை சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். அதனால்தான் தனிக் குக்கர்.

எலும்பு போடலாமா என்றும் கேட்டிருந்தாய். கோழிக் கழுத்தெலும்பு குக்கரில் விரலால் நசுக்கும் அளவுக்கு வெந்துவிடும், உண்மைதான். கால் எலும்பு அப்படி வேகாது. பாதி வெந்தது கூராகப் பிளந்து குடலைக் குத்திவிடும். நான் எலும்பே சேர்ப்பதில்லை.

எலும்பை எடுத்துவிட்டால் சுண்ணாம்புச் சத்துக்கு என்ன வழி? வசந்தா, எனக்குச் சமையலைவிட இதுதான் பெரிய கவலை. 100 கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், கால்சியம் பத்துப் பதினைந்துதான். நாய்க்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக, கால்சியம் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். சாப்பாட்டில் கிடைக்காவிட்டால் உடம்பு அதைத் தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். கறியும் சோறும் தின்று தட்டைக் காலியாக்குகிற நாய்க்குக் குறை இருப்பது வெளியே தெரியாது. பிச்சிக்கு முட்டை ஓட்டை வறுத்து, மிக்ஸியில் மாவாக அரைத்துக் கலக்கிறேன். ஒரு டீஸ்பூன் தூளில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ இவற்றுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த பொடி தனி.

இந்த அளவை நீ அப்படியே எடுத்துக்கொள்ளாதே. பிச்சி வளர்ந்த நாய், உன்னுடையது குட்டி. வளரும் எலும்புக்குக் கால்சியம் குறைந்தாலும் கெடுதல், மிஞ்சினாலும் கெடுதல். கால்நடை மருத்துவரிடம் எடை போட்டுக் காட்டி, அவர் சொல்லும் கணக்கில் செய். அதுவரை குட்டிகளுக்கான பாக்கெட் தீனியே இருக்கட்டும், அதில் தவறொன்றும் இல்லை. மாற்றும்போதும் ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்று, இல்லாவிட்டால் வயிற்றால் போகும். அப்புறம், சிப்பிப்பாறைக்கு விலா எலும்பு லேசாகத் தெரிவது அதன் உடல்வாகு. பார்ப்பவர்கள் பட்டினி போடுகிறாயா என்று கேட்டால் அதற்காக அள்ளி வைக்காதே.

குட்டிக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று எழுதவே இல்லையே? டாக்டர் சொன்னதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
மீனாட்சி